நீர்மேல் இல்லமும் நெடுநாள் ஆசையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேச வருவோர் இலக்கியத்தின் சிறப்பைப் பற்றியோ, மொழியின் தொன்மையைப் பற்றியோ பேசுவது வழக்கம். யாம் புலவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வே எழுத்தர் வேலைக்கு வந்தோம். "தண்டவாளமே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை?" என்று காலனிக் குழந்தைகள் எம்மைக் கேலி செய்வதுண்டு. தீவில் இரயில் இல்லைதான். ஆயினும் இரயில் முன்பதிவுச் சாளரம் இங்கும் இருக்கின்றது. கடலைக் கடந்து கரையேறிய பின் யாவருக்கும் இரயில் வேண்டுமன்றோ? அந்தச் சாளரத்தின் முன்னே நிற்போரின் ஆசைகளையும் ஏமாற்றங்களையும் யாம் நன்கு அறிவோம். ஆதலின் செயலாளர் அவர்கள், "நம் குடும்பங்கள் சில காஷ்மீரத்து ஏரியில் வீட்டுப்படகில் தங்கி மீன்பிடித்து விடுமுறையைக் கழிக்க விரும்புகின்றன. அதற்குத் திட்டமிடும் முறையைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். அப்பணியைத் தலைமேற் கொண்டு வந்து நிற்கின்றோம்.

இத்தலைப்பைக் கேட்டதும் சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டு, மீன் பிடிக்க வடகோடிக்குப் போவதா? கொல்லன் தெருவில் இருப்பவன் ஊசி வாங்க வெளியூர் போனாற்போல் அன்றோ இருக்கின்றது? இவ்வினாவை யாமும் ஒருமுறை ஒருவரிடம் கேட்டோம். அவர் அளித்த விடைதான் இன்றைய பேச்சுக்கு வித்து.

நம் காலனியில் பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் கூற வேண்டுவதில்லை. உங்களிற் பலர் அவரை அறிவீர்கள். சிறியோர் எல்லோருக்கும் அவர் 'பெரியப்பா'. இராமநாதபுரம் சீமைக் கடற்கரையிற் பிறந்து, இளமையிலேயே இத்தீவுக்கு வந்து, ஜங்கிலிகாட் துறையிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். சூரை, சீலா, வஞ்சிரம், பாறை என்று அவர் கைப்படாத மீன் இல்லை. அவர் வீட்டுச் சுவரில் பழைய நாட்காட்டிப் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பனிமலையின் அடியில் அமைதியான ஏரி. ஏரியின் மேல் மரத்தாலாகிய ஓர் இல்லம். அதன் படிக்கட்டில் தூண்டிலோடு ஒருவன். ஆண்டு கழிந்தும் அந்தத் தாளை அவர் கிழிக்கவில்லை.

"பெரியப்பா, காலமெல்லாம் மீனோடு கிடந்தீர்கள். அங்கே போயும் மீன்தானா?" என்று கேட்டோம்.

"தம்பி, இத்தனை வருஷமும் வயிற்றுக்காகப் பிடித்தேன். வலையை இழுக்கும்போது மீன் முகம் தெரியாது, கடன் கொடுத்தவன் முகந்தான் தெரியும். ஒரு நாளாவது அலை இல்லாத தண்ணீரில் தூண்டிலைப் போட்டுவிட்டு, அகப்பட்டாலும் சரி, அகப்படாவிட்டாலும் சரி என்று உட்கார வேண்டும்" என்றார்.

அன்பர்களே! இதைவிடச் சிறந்த விளக்கத்தை விடுமுறை என்னும் சொல்லுக்கு யாம் எந்த அகராதியிலும் காணவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அவர் குடும்பமும் எம் குடும்பமும் வேறொரு குடும்பமும் சேர்ந்து அப்பயணத்துக்குப் புறப்பட்டோம். திட்டம் போட்டவர் யாம். கப்பல் மாலையில் சென்னைத் துறைமுகத்தை அடையும். மறுநாட் காலையில் இரயில். இடையே ஓர் இரவு போதும் என்று கணக்கிட்டோம். கடலில் காற்று மிகுந்தது. கப்பல் புறப்படுவதே பிந்தியது. சென்னையைச் சேர ஒன்றரை நாள் தாமதமாயிற்று. எங்கள் இரயில் எங்களை விட்டுப் போயிற்று. அடுத்த இரயில்களில் இடம் இல்லை. வீட்டுப்படகுக்கு அனுப்பிய முன்பணமும், உரிய நேரத்தில் செய்தி சொல்லத் தவறியதால், திரும்பவில்லை. குழந்தைகள் நிலையத்து நடைமேடையில் அழுதார்கள். பெரியப்பா மட்டும் அழவில்லை. "அதனால் என்ன, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்றார்.

அடுத்த ஆண்டு ஒரு வீட்டில் திருமணம். அதற்கடுத்த ஆண்டு ஒரு பிள்ளைக்கு அரசுத் தேர்வு. அதற்கும் அடுத்த ஆண்டு பெரியப்பா இல்லை.

குற்றம் கப்பலுடையதன்று; கடலுடையதுமன்று. காற்றுக்கும் அலைக்கும் இடம் வையாமல் நாட்கணக்குப் போட்ட எம்முடையதே. இரயில்வே எழுத்தர் ஒருவரே இரயிலைத் தவறவிட்டோம் என்றால் நகைப்புக்கிடமாகத்தான் இருக்கும். ஆனால் அதனினும் பெரிய குற்றம், "அடுத்த வருஷம்" என்பதற்கு ஒரு தேதி குறியாமல் விட்டதே. தேதி இல்லாத ஆசை நாட்காட்டிப் படத்தைப் போன்றது; சுவரில் தொங்கும், மங்கும், ஒருநாள் கழற்றப்படும். இதனை உங்களுக்குச் சொல்லத்தான் இன்று நிற்கின்றோம்.

முதல் முயற்சியில் தோற்றவர் நாங்கள் மட்டும் அல்லர் என்பதையும் இவ்விடத்துக் கூற வேண்டும். காஷ்மீரத்து ஓடைகளில் இன்று தூண்டில்காரர்கள் நாடிச் செல்வது டிரவுட் என்னும் மீன். அது அந்நாட்டு மீனே அன்று. பிராங்க் மிட்செல் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் முயற்சியால் அதன் முட்டைகள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டன. 1899-இல் முதன்முறை வந்த முட்டைகள் வழியிலேயே அழிந்துபோயின. கைவிட்டாரல்லர். 1900-இல் இரண்டாம் முறை கொண்டுவந்தவை பிழைத்தன. தால் ஏரிக்கு அண்மையில் உள்ள ஹார்வன் என்னுமிடத்தில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் ஓடைகளெங்கும் அம்மீன் பரவிற்று. ஒரு மீன் முட்டைக்கே இரண்டாம் முறை வேண்டியிருந்ததென்றால், மனிதனுடைய விடுமுறைக்கு வேண்டாவோ?

இனி, நாம் போக எண்ணும் இடத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் உளது. அந்நகரில் தால் ஏரியும், அதனோடு சேர்ந்த நிகீன் ஏரியும் இருக்கின்றன. தால் ஏரி ஆரவாரம் மிக்கது, நிகீன் அமைதியானது. அவற்றில் நிற்கும் வீட்டுப்படகுகள் தேவதாரு மரத்தால் ஆகியவை. கூடம், உணவறை, படுக்கையறைகள், முன்புறத் திண்ணை யாவும் அமைந்தவை. படகு என்று பெயரேயன்றி அவை பயணம் செய்வதில்லை. கரையோரம் கட்டப்பட்டு நிற்கும். போக்குவரத்துக்குச் சிக்காரா என்னும் சிறு படகு. வெளியார் அந்நாட்டில் நிலம் வாங்க இயலாதிருந்த காலத்தில், கோடையைக் கழிக்க வந்த ஆங்கிலேயர் நீரின்மேல் வீடு கட்டிக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கம் வேரூன்றிற்று. அதற்கும் முன்பே ஹாஞ்சி எனப்படும் படகோட்டி மக்கள் டூங்கா என்னும் படகுகளில் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தனர். முன்பு ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த வீட்டுப்படகுகள் இன்று அதனிலும் குறைந்துவிட்டன. ஏரியைக் காப்பதற்காகப் புதியன கட்டத் தடை உண்டு. பழையவற்றைச் செப்பனிடுவதற்கும் அனுமதி பெற வேண்டும்.

விடியற்காலையில் ஏரியின்மேல் காய்கறிச் சந்தை கூடும். மிதக்கும் தோட்டங்களில் விளைந்த காய்களைப் படகிலேயே கொணர்ந்து படகிலேயே விற்பர். தாமரைக் கிழங்கை அவர்கள் நதரு என்பர். மிதக்கும் அஞ்சலகம் ஒன்றும் 2011-இல் திறக்கப்பட்டது. குழந்தைகள் அங்கிருந்து தம் பாட்டிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதலாம்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டும். வீட்டுப்படகின் திண்ணையில் அமர்ந்தே டிரவுட் பிடிக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அம்மீன் குளிர்ந்து விரைந்தோடும் தெளிந்த நீரை நாடுவது. லித்தர், சிந்து, பிரிங்கி முதலிய ஓடைகளே அதன் இருப்பிடம். இங்கே சிந்து என்றது பெரிய சிந்து நதியை அன்று; அதே பெயருடைய மலையோடையை. ஏரியில் அகப்படுவன கெண்டை இனத்து மீன்களும், அந்நாட்டுக்கே உரிய சில மீன்களும் ஆகும். ஆகவே ஏரியில் தங்கி, ஒருநாளோ இருநாளோ ஓடைக்குச் சென்று வருவதே முறை. எங்கே தூண்டில் போட்டாலும் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். டிரவுட் ஓடைகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன; எந்நாளில் எப்பகுதி என்று முன்னரே பதிவு செய்ய வேண்டும். புழுவையோ இறால் துண்டையோ கோத்துப் போடுவது அங்கே கூடாது. இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கை ஈதான் இரை. எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பருவம்.

நமக்கு இது புதிதன்று. வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் மீன்பிடிக்கக் கூடாது என்பதை நம் குழந்தைகளும் அறிவர். ஆவுளியாவையும் ஆமையையும் தொடலாகாது என்பதும் தெரியும். நம் கடலுக்குச் சட்டம் உண்டென்றால் அவர் ஏரிக்கும் உண்டு.

இனித் திட்டத்துக்கு வருவோம். எம் தவற்றிலிருந்து கற்றவற்றை வரிசைப்படுத்திச் சொல்கின்றோம்.

முதலாவது, பருவம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுமுன்னே நம் தீவுகளைத் தொட்டுவிடும்; வழக்கமாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டி மழை தொடங்கும். ஆதலின் மே மாதத் தொடக்கத்திலேயே கப்பலேறிவிடுதல் நன்று. பிள்ளைகளுக்கும் அது விடுமுறைக் காலம். காஷ்மீரத்தில் அப்போது இளவேனிலின் பிற்பகுதி. குளிர் உண்டு, உறைபனி இல்லை. திரும்பும் பயணம் மழைக்காலத்தில் அமையும் என்பதையும் மனத்திற் கொள்க.

இரண்டாவது, கடல். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாள் வைத்துக்கொள்க. இரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்னர்த் திறக்கின்றது. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. கப்பல் அட்டவணையோ அவ்வளவு முன்னதாக உறுதியாவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் எங்கள் கணக்குத் தவறிற்று. கப்பல் வரும் நாளுக்கும் இரயில் ஏறும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஐந்து நாளேனும் இடைவெளி விடுக.

"ஐந்து நாளைச் சென்னையில் வீணாக்குவதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் எம் இரண்டாவது திட்டத்தின் உயிர்நிலை இருக்கின்றது. நம் குடும்பங்களில் விடுமுறை என்றால் ஊர். ஊர் என்றால் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியவர்கள். "ஊருக்குப் போகும் லீவை ஏரிக்குச் செலவிடுவதா?" என்று மனைவிமார் கேட்பது நியாயமே. எனவே தாமதத்துக்கென ஒதுக்கும் அந்த ஐந்து நாளை ஊரிலே கழிக்க வேண்டும். கப்பல் தாமதமாயின் ஊரில் ஓரிரு நாள் குறையும், இரயில் தவறாது. குறைந்த நாட்களுக்கு ஈடு என்னவெனில், உடல்நலமுள்ள முதியவர்களை ஊரிலே விட்டுச் செல்லாமல், உடன் அழைத்துச் செல்வது. அவர்களுக்கும் சேர்த்தே முதலிலேயே சீட்டு எடுக்க வேண்டும். நம் தாய் தந்தையர் உள்ளத்திலும் எந்த நாட்காட்டிப் படம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நாம் கேட்டதுண்டோ?

மூன்றாவது, இரயில். சென்னை சென்ட்ரலிலிருந்து வைஷ்ணவ தேவி காட்ரா வரை செல்லும் ஓர் இரயிலுக்கு என்ன பெயர் தெரியுமோ? அந்தமான் எக்ஸ்பிரஸ்! அந்தமானுக்கு வாராத அந்தமான் எக்ஸ்பிரஸ் அது. நாக்பூர், போபால், ஜான்சி, ஆக்ரா, ஜம்மு என்று நாட்டின் நடுவே ஏறிச் சென்று மூன்றாம் நாள் காட்ராவை அடையும். நாள்தோறும் ஓடுவதன்று, ஆகவே கிழமையைப் பார்த்து முன்பதிவு செய்க. முன்பெல்லாம் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு மலைப்பாதையில் பேருந்தே கதி. 2025 ஜூன் 6-ஆம் நாள் காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரே இரயில் ஓடும் வழி திறக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். செனாப் ஆற்றின்மேல் 1,315 மீட்டர் நீளமுள்ள பாலம், ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கின்றது. இரயில்வே ஊழியர் என்ற முறையில் சிறிது பெருமையோடு இதனைக் கூறினோம்; பொறுத்தருள்க. காட்ராவில் ஓரிரவு தங்கி இளைப்பாறி, மறுநாள் அவ்விரயிலில் ஏறுதல் முதியோர்க்கு நலம்.

நாட்களைக் கூட்டிப் பாருங்கள். கப்பல் 3, ஊர் 5, இரயில் 3, காட்ரா 1, ஏரி 5, திரும்பும் வழியில் காட்ரா 1, இரயில் 3, சென்னையில் இடைவெளி 2, கப்பல் 3. ஆக மொத்தம் 26 நாள். ஒருவழி விமானத்தில் சென்றால் மூன்று நாள் வரை மிச்சமாகும், செலவு கூடும். அவரவர் விடுப்புக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்துகொள்க.

நான்காவது, பணம். மத்திய அரசு ஊழியர்க்குச் சொந்த ஊர்ப் பயணச் சலுகைக்குப் பதிலாகக் காஷ்மீரம் செல்லும் சலுகை ஒன்று உண்டு. 2024-இல் அது மேலும் இரண்டாண்டுக்கு, அதாவது 2026 செப்டம்பர் வரை, நீட்டிக்கப்பட்டது. புறப்படுமுன் நடப்பு ஆணையைத் தத்தம் அலுவலகத்தில் கேட்டறிக. அதே ஆணையில்தான் அந்தமானும் காஷ்மீரமும் அருகருகே இடம் பெற்றிருக்கின்றன. வடநாட்டார் இங்கு வருவதும் நாம் அங்குப் போவதும் ஒரே தாளில் எழுதப்பட்டவை. சலுகை இல்லாதோர் மனந்தளர வேண்டா. குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் 18 மாதம் சேர்த்தால் 54,000 ரூபாய் ஆகும். கடன் வாங்கிக் கண்ட காட்சி கண்ணுக்கு இனிக்காது. பெரியப்பா சொன்ன கடன்காரர் முகத்தைத் தூண்டிலின் நுனியிலும் காண நேரும். வீட்டுப்படகை அமர்த்துகையில், உணவு உட்படவா, சிக்காராவுக்குத் தனிக் கூலியா, நாள் மாறினால் முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் எழுத்தில் பெறுக. மற்றொன்று: வெளியூரில் வாங்கிய முன்கட்டணக் கைபேசி எண்கள் காஷ்மீரத்தில் இயங்குவதில்லை, பின்கட்டண எண்களே இயங்கும். குழுவுக்கு ஒருவராவது அத்தகைய எண் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. இதனைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். நாம் தீவு மக்கள். நீர் நமக்குப் பழக்கம் என்னும் ஓர் இறுமாப்பு நம்மிடம் உண்டு. 2014 ஜனவரி 26-ஆம் நாளை மறந்தோமோ? நம் துறைமுகத்துக்கு அண்மையிலேயே அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த நம் தமிழ் மக்கள். விடுமுறைக்கு வந்தவர்கள், அமைதியான கடல், பட்டப்பகல். ஆகவே சிக்காராவில் ஏறினாலும், கரை கையெட்டும் தூரத்தில் இருந்தாலும், உயிர்காப்புச் சட்டை இன்றி எவரும் ஏறலாகாது. படகில் எத்தனை பேர் என்று குடும்பத் தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும். "இன்னும் ஒருவர் ஏறலாம்" என்று படகுக்காரர் சொன்னாலும் நாம் மறுக்க வேண்டும்.

கடலில் நீந்துவோர் நன்னீரிலும் அவ்வாறே நீந்தலாம் என்று எண்ணற்க. உப்புநீர் உடலைத் தாங்கும் அளவுக்கு நன்னீர் தாங்காது. மலையோடையின் நீர் பனி உருகி வருவது. காலை மரக்கச் செய்யும். ஏரியிலோ பாசியும் கொடியும் காலைச் சுற்றும். இன்னும் ஒன்று: மரவீடு தீக்கு இரை. 2023 நவம்பர் 11-ஆம் நாள் விடியற்காலையில் தால் ஏரியில் நேர்ந்த தீவிபத்தில் ஐந்து வீட்டுப்படகுகள் எரிந்தன. வங்காள தேசத்துப் பயணியர் மூவர் உயிரிழந்தனர். படகில் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சித்திர வேலைப்பாட்டை அன்று, வெளியேறும் வழியை. அறைக்குள் அடுப்பு மூட்டுதல், ஊதுவத்தி கொளுத்திவிட்டு உறங்குதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

ஆறாவது, அச்சம். 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பகல்காமில் பயங்கரவாதிகள் நடத்திய தாக்குதலில் 26 பேர் உயிரிழந்தனர். லித்தர் ஓடை பாயும் அதே ஊர். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் பின்னர்ப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. "பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டுமா?" என்று கேட்கும் தாய்மார்களை யாம் கோழை என்று சொல்லத் துணியோம். அவர்கள் கேட்பது அறிவுள்ள கேள்வி.

ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் தீவுகளைத் தாக்கிய பின், இங்கே விருந்தினர் வருவது நின்றுபோயிற்று. விடுதிக்காரரும் வண்டிக்காரரும் கடைக்காரரும் வெறுங்கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் முதல் சில குடும்பங்கள் வந்து இறங்கியபோது நம் முகங்கள் எப்படி மலர்ந்தன! ஏரியின்மேல் காத்திருக்கும் ஹாஞ்சிப் படகோட்டியும் அப்படித்தான் காத்திருப்பார். அச்சத்தை அடக்கவும் வேண்டா, அதற்கு அடிமையாகவும் வேண்டா. அதற்கும் ஒரு தேதி குறிப்போம். புறப்படுவதற்குச் சரியாக 15 நாள் முன்னர்க் குழு கூடட்டும். அரசு அறிவிப்புகளையும் வானிலையையும் பார்த்து, போவதா நிறுத்துவதா என்று அன்றைக்கே முடிவு செய்யட்டும். நிறுத்துவதாயின் அதே கூட்டத்திலேயே அடுத்த தேதியைக் குறித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற சொல் மட்டும் அக்கூட்டத்தில் ஒலிக்கலாகாது.

கடைசியாக ஒரு சொல். அந்த ஏரி கழிவுநீராலும் களையாலும் நோயுற்ற ஏரி. விருந்தினராகச் செல்லும் நாம் அதற்கு மேலும் ஒரு பாரமாகலாகாது. பிளாஸ்டிக் உறை ஒன்றும் நீரில் விழாமல் பார்ப்பது குழந்தைகளின் பொறுப்பு என்று இப்போதே ஒப்படைக்கின்றோம். வரம்புக்கு மேல் மீன் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது பெருமையன்று. சிறு மீன் அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு மெல்ல விடுவித்து நீரிலே விட்டுவிடுக. மீன் ஒன்றும் அகப்படாமல் திரும்பினாலும் குறையில்லை. பெரியப்பா விரும்பியதும் அதுவேயன்றோ?

அன்பர்களே! இதுவரை ஆறு குடும்பங்கள் இத்திட்டத்தில் சேர இசைந்துள்ளன. பெரியப்பாவின் துணைவியாரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். முதலில் மறுத்தார்கள். "அவர் இல்லாமல் நான் அங்கே போய் என்ன செய்ய?" என்றார்கள். பிறகு ஒருநாள் மாலை, அந்தப் பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இந்தப் படிக்கட்டு நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டாவது வருவோம். எனக்கும் ஒரு சீட்டுப் போடு" என்றார்கள். அச்சீட்டை எந்தக் கப்பல் தாமதமானாலும் தவறவிடாத வகையில் நாட்கணக்குப் போட்டிருக்கின்றோம்.

சேர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் பெயர் கொடுக்கலாம். பெயரோடு உங்கள் இல்லத்து முதியவர்களின் பெயரையும், அவர்கள் வயதையும், அவர்கள் காண விரும்பும் ஓர் இடத்தையும் எழுதிக் கொடுங்கள். அது காஷ்மீரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இராமேசுவரமாயினும் சரி, பிறந்த ஊரின் குளக்கரையாயினும் சரி. அதற்கும் ஒரு தேதி குறிப்போம்.